தொட்டிக்குள் மனிதன் இறங்காமலிருக்க: வேலூர் வட்டாரப் பொறியியல் கல்லூரிகளின் ரோபோட்டிக்ஸ் பேராசிரியர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கும், ஆராய்ச்சிப் பொறுப்பில் இருக்கும் முதல்வர்களுக்கும், புராஜெக்ட் கைடுகளுக்கும் வணக்கம்.

காட்பாடியில் லேத்தும் ஆர்கான் வெல்டிங்கும் வைத்துப் பட்டறை நடத்துகிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். ராணிப்பேட்டை, மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் ஷாப்களிலிருந்து பம்ப் ஷாஃப்ட், இம்பெல்லர், டிரம் பேரிங் என்று வேலை வரும். ஜனவரி பிறந்துவிட்டால் உங்கள் மாணவர்களின் புராஜெக்ட் வேலையும் சேர்ந்துகொள்ளும். தோல் ஷாப்பின் தேவை, உங்கள் மாணவர்களின் திறமை இரண்டும் என் பட்டறையில் பக்கத்துப் பக்கத்து மேசையில் கிடக்கின்றன. ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கேட்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் துறைகள் சேர்ந்து ஒரே ரோபோட்டிக்ஸ் ஆய்வை நடத்தவேண்டும். அந்த ஆய்வு கையிலெடுக்கும் முதல் வேலை, தோல் ஷாப் கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதனுக்குப் பதிலாக இறங்கும் இயந்திரமாக இருக்கவேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மூன்று மாவட்டமாகப் பிரித்துவிட்டார்கள். தோல் ஷாப்பும் தொட்டியும் பாலாறும் இன்னும் நமக்குப் பொதுதான்.

போன வருட சீசனில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். கல்லூரியின் பெயர் வேண்டாம், குறை ஒரு கல்லூரியுடையது அல்ல. மெக்கானிக்கல் மாணவர்கள் நான்கு பேர், டாங்கிக்கு இருப்பதுபோல் பட்டையில் ஓடும் டிராக் வைத்த ஊர்தி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். குழாய்க்குள்ளும் தொட்டிக்குள்ளும் போய்ப் பார்க்கும் வண்டி. ஸ்பிராக்கெட்டுக்குக் கீவே வெட்டித் தரச்சொன்னார்கள். சேஸிஸ் நன்றாக இருந்தது. மடிப்புகளை யோசித்துப் போட்டிருந்தார்கள். கேமரா வைக்கவேண்டிய இடத்தில் மட்டும் வெறும் பிராக்கெட். அதே வாரம், அதே கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவிகள் மூன்று பேர் கேமராவுக்கு ஒரு ஸ்டாண்ட் செய்துதரச்சொல்லி வந்தார்கள். சுவரில் விரிசல் இருக்கிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்லும் மென்பொருள் எழுதியிருந்தார்கள். வண்டி இருக்கிறவர்களுக்குக் கண் இல்லை, கண் இருக்கிறவர்களுக்கு வண்டி இல்லை. இரண்டு குழுவையும் என் பட்டறை பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்தபோதுதான் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டார்கள். சேர்ந்து செய்யலாமே என்றேன். “வேற டிபார்ட்மென்ட் ஸ்டூடன்ட்ஸை ஒரே டைட்டில்ல போட முடியாதுண்ணா, ரிவ்யூ வேற, மார்க் வேற” என்றார்கள். வைவா முடிந்ததும் அந்த ஊர்தி என் பட்டறை மூலைக்கு வந்துசேர்ந்தது.

அந்த மாணவிகளின் மென்பொருளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இணையத்தில் கிடைத்த விரிசல் படங்களை வைத்துத்தான் பழக்கியிருந்தார்கள். எல்லாம் காய்ந்த கான்கிரீட், பகல் வெளிச்சம். தோல் ஷாப் தொட்டியின் சுவர் அப்படியா இருக்கும்? சுண்ணாம்புப் படலமும் கொழுப்பும் மயிரும் ஒட்டி, பாதி சாம்பலும் பாதி பச்சையுமாக இருக்கும். அந்தச் சுவரின் படம் அவர்களுக்குக் கிடைக்க வழியே இல்லை. எடுத்துவரக்கூடிய வண்டி பக்கத்துக் கட்டடத்தில் கழற்றிக் கிடந்தது.

துறைகள் பிரிந்து கிடப்பதால் என்ன கெடுகிறது என்பதை இன்னும் கிட்டத்தில் காட்டுகிறேன். இதே ஊர்தியை 20 மீட்டர் கேபிளில் கட்டித் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிப் பார்த்தார்கள். மேஜைமேல் ஓடிய வண்டி, தொட்டியில் கொஞ்சம் இழுவை வந்ததும் நின்றது. நின்றது மட்டுமல்ல, உள்ளிருக்கும் கட்டுப்பாட்டு போர்டு மறுபடி மறுபடி ரீசெட் ஆனது. புரோகிராம் கோடு தெரிந்த நண்பன் ஒருவனைக் கூப்பிட்டு இரவெல்லாம் கோடில் தப்புத் தேடினார்கள். மெக்கானிக்கல் பையன்கள் கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்தார்கள். கோளாறு இரண்டிலும் இல்லை, கேபிளில் இருந்தது. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, போக 20 மீட்டர், வர 20 மீட்டர் என்றால் தடை ஏறக்குறைய 0.7 ஓம். மோட்டார்கள் திணறும்போது 10 ஆம்பியர் இழுத்தால் 7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட் அனுப்பினால் உள்ளே சேர்வது 5. போர்டு அணையாமல் என்ன செய்யும்? எலெக்ட்ரிக்கல் துறையில் இரண்டாம் வருடம் படிக்கும் மாணவர் ஒருவர் கூட இருந்திருந்தால் காகிதத்தில் நாலு வரியில் கண்டுபிடித்திருப்பார்.

சரி, வோல்ட்டேஜை ஏற்றிவிடலாம், 48 வோல்ட் அனுப்பி உள்ளே குறைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அங்கேதான் பாதுகாப்பு விதி குறுக்கே வருகிறது. 2025 நவம்பரில் புதிய சட்டத்தொகுப்பு வரும்வரை நடப்பில் இருந்த 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஏ பிரிவு எழுதிவைத்த விதி: தொட்டி, குழி போன்ற அடைபட்ட இடங்களுக்குள் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்விளக்கையோ மின்கருவியையோ தகுந்த பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் கொண்டுபோகக்கூடாது. 24 வோல்ட்டிலேயே நிற்கலாம் என்றால் அதே சக்திக்கு 5 ஆம்பியர் போதும்; 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் இழப்பு 1.4 வோல்ட்தான். ஆனால் அந்தக் கேபிளில் செம்பு மட்டுமே ஒரு கிலோவை நெருங்கும். அதற்குமேல் உறை, அதற்குமேல் ஒட்டும் சகதி. அந்தப் பாரத்தை இழுக்க டிராக்கின் பிடிமானத்தைக் கூட்டவேண்டும். பிடிமானம் கூடினால் மோட்டார் இன்னும் இழுக்கும். கேபிள் கணக்கு டிராக் கணக்காகி, டிராக் கணக்கு மோட்டார் கணக்காகி, மோட்டார் கணக்கு மறுபடி கேபிளுக்கே வந்து நிற்கிறது. இதில் எந்தத் துறையைத் தனியாக நிறுத்துவீர்கள்?

இன்னொன்று, கை வைத்த ரோபோக்கள். கியர் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ப்ளே, அதாவது கொஞ்சம் தளர்வு இருக்கும். மலிவான சர்வோ மோட்டாரில் 2 டிகிரி ப்ளே சாதாரணம். கை அரை மீட்டர் நீளம் என்றால் நுனியில் அது 17 மில்லிமீட்டர். மென்பொருளோ கை சரியான இடத்தில் நிற்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கு ப்ளே என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தந்ததில்லை. மெக்கானிக்கல் மாணவருக்கோ அந்த ப்ளேயை அளந்து மென்பொருளில் சரிக்கட்டலாம் என்று தெரியாது. இரண்டு பேரும் என்னிடம் வந்து இன்னும் டைட்டான பேரிங் கேட்கிறார்கள்.

ரோபோட்டிக்ஸ் பிறந்த விதமே இப்படியில்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் 1969-இல் விக்டர் ஷைன்மன் செய்த கை, மெக்கானிக்கல் படித்தவர் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுக்கென்றே வடிவமைத்த கை. அதே ஊருக்குப் பக்கத்தில் 1966 முதல் 1972 வரை உருவான ஷேக்கி என்ற நகரும் ரோபோவுக்கு வழி தேடித்தரப்போய்த்தான் ஏ-ஸ்டார் முறை 1968-இல் வந்தது. இன்று உங்கள் மாணவர்கள் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் தேர்வுக்குப் படிக்கும் அந்த முறை, சக்கரம் வைத்த ஒரு பெட்டி தட்டுத்தடுமாறி அறைக்குள் நகர்ந்ததால் பிறந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1979-லேயே இதற்கெனத் தனி நிறுவனம் தொடங்கிவிட்டது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பால் பிராண்ட் 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாணை இடம் மாற்றித் தைத்து அசைவைத் திருப்பித் தந்த அறுவை மருத்துவர். கைக்கு வழி கண்ட பிறகு கால் பாக்கியிருந்தது. உணர்ச்சியற்ற பாதத்தில் புண் வராமல் காக்க மருந்து போதாது, செருப்பு வேண்டும் என்று கண்டு, ரப்பர் தெரிந்தவர்களையும் செருப்புத் தைப்பவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நுண்துளை ரப்பர் செருப்பு அப்படி வந்தது. 1955-இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் மருத்துவரும் செருப்புத் தொழிலாளியும் ஒரே வளாகத்தில் வேலை செய்தார்கள். இன்றைக்கும் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து, பக்கவாதத்தில் செயலிழந்த கைக்குப் பயிற்சி தரும் புளூட்டோ என்ற ரோபோவைச் செய்திருக்கின்றன. நம் ஊர் ஆஸ்பத்திரியால் முடிவது நம் ஊர் பொறியியல் கல்லூரிகளால் முடியாதா?

இனி தொட்டிக்கு வருகிறேன்.

தோல் ஷாப்புக்கு வரும் தோல் உப்பு போட்டு வரும். ஊறவைத்த பிறகு மயிரை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும். பிறகு பிக்கிள் என்று உப்பும் கந்தக அமிலமும். அதன்பின் தோலைப் பதப்படுத்தும் குரோம். சல்ஃபைடு கலந்த நீரும் அமிலம் கலந்த நீரும் ஒரே வாய்க்காலிலோ தொட்டியிலோ சந்தித்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு கிளம்பும். அடியில் தங்கிய கழிவுச் சகதியான ஸ்லட்ஜில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்களும் அதையே உண்டாக்கும். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் கீழேயே தேங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 100 பி.பி.எம்.மை, அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இறங்கியவர் வாயு போய்விட்டது என்று நினைப்பார். 700-ஐத் தாண்டினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். சாய்ந்தவரைத் தூக்க இரண்டாமவர் இறங்குவார். அவரைத் தூக்க மூன்றாமவர். அதனால்தான் செய்தித்தாளில் இந்தச் சாவுகள் ஒற்றையாக வருவதில்லை. அண்ணன் தம்பி, மாமன் மச்சான், கூட வேலை பார்த்தவர் என்று சேர்ந்தே வருகின்றன.

இதில் மிகக் கொடியது, மேலே மூடியைத் திறந்து மீட்டரைப் பிடித்தால் ஒன்றும் காட்டாமல் இருப்பது. ஸ்லட்ஜுக்குள் அடைபட்டிருக்கும் வாயு, கழியால் கிளறிய பிறகுதான் குமிழி குமிழியாக வெளியே வரும். ஆக, சோதித்துவிட்டு இறங்குகிறவரும் சாகிறார். அளக்கவேண்டிய இடம் தொட்டியின் வாய் அல்ல, கிளறும் கம்பியின் நுனி. அங்கே மனிதன் நின்று அளக்க முடியாது.

2015 ஜனவரி 31 அதிகாலையை ராணிப்பேட்டைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் படுத்திருந்தவர்கள்மேல் கழிவு பாய்ந்தது. 10 பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தொட்டி சுத்தம் செய்யும் ரோபோ இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுவர் எவ்வளவு சாய்கிறது, எங்கே வெடிக்கிறது, உள்ளே எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று வாரம் ஒருமுறை ஒரு சின்ன ஊர்தி போய்ப் பார்த்துப் பதிவு செய்யும் பழக்கம் இருந்தால், சுவர் உடைவதற்கு முன்னாலேயே யாராவது கேள்வி கேட்டிருக்கலாம். என் பட்டறை மூலையில் கிடப்பதும் அதே மாதிரியான ஊர்திதான். அதற்குத் தேவையான கண்ணை எழுதிய மாணவிகள் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டார்கள்.

பாலாற்றைக் காப்பாற்ற வேலூர் மக்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்துகிறவரே ஈடு செய்யவேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. இன்றும் சட்டக் கல்லூரிகளில் நம் ஊர்ப் பெயரிலேயே அந்த வழக்கைப் படிக்கிறார்கள். அந்த நெருக்குதலில்தான் சுத்திகரிப்புத் தொட்டிகள் பெருகின. ஆற்றைக் காக்கக் கட்டிய தொட்டியில் மனிதன் இறங்கிச் சாகிறான் என்றால், அந்தத் தீர்ப்பு கேட்ட பொறுப்பில் பாதி இன்னும் பாக்கியிருக்கிறது.

பாதாளச் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் தகுந்த பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. இறந்தால் 10 லட்சம் என்று 2014-இலும், 30 லட்சம் என்று 2023 அக்டோபரிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாயு இருக்கக்கூடிய தொட்டியில், சோதித்து எழுத்தில் சான்று தராமல் இறக்கக்கூடாது. இல்லையென்றால் மூச்சுக்கருவியும் இடுப்பில் பெல்ட்டும், மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிறும் வேண்டும் என்று தொழிற்சாலைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவு அதற்கு அறுபது வருடம் முன்பே சொல்லிவிட்டது. சட்டம் இல்லாமல் இல்லை. இறங்குவதற்கு மாற்று என்று காட்ட, நம் தொட்டிக்குப் பொருந்தும் இயந்திரம்தான் இல்லை.

வேறு ஊர்களில் செய்திருக்கிறார்கள். கேரளத்தில் குற்றிப்புறம் பொறியியல் கல்லூரியில் படித்த இளைஞர்கள் தொடங்கிய ஜென்ரோபோட்டிக்ஸ், பாண்டிகூட் என்ற ரோபோவை 2018-இல் திருவனந்தபுரத்தின் மேன்ஹோலில் இறக்கிக் காட்டியது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஹோமோசெப், கழிவுத் தொட்டியில் கெட்டிப்பட்டதைக் கடைந்து உறிஞ்சும் அளவுக்குக் கரைக்கிறது; ஒரு மாணவரின் முதுநிலை இறுதியாண்டு புராஜெக்டாகத் தொடங்கியது அது. இரண்டும் வீட்டுக் கழிவுக்கும் நகரச் சாக்கடைக்கும் செய்தவை. தோல் ஷாப் தொட்டி வேறு மாதிரி. உப்பு நீரில் 304 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீலே புள்ளிப் புள்ளியாக அரிக்கும். பம்ப் ஷாஃப்ட்டில் நான் தினம் பார்க்கிறேன், 316 போட்டால்தான் கொஞ்சம் தாங்குகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பைக் கறுக்கவைத்துச் சர்க்யூட்டின் காண்டாக்டைத் தின்றுவிடும். மயிர் சுற்றி ஷாஃப்ட் சீலைக் கிழிக்கும். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு தீப்பொறி போதும். பிரஷ் வைத்த சாதாரண டி.சி. மோட்டாரோ ஓடும்போதே பொறி தெறிக்கிறது. இந்தத் தொட்டியை நம்மைத் தவிர யார் பார்க்கப்போகிறார்கள்? ராணிப்பேட்டைத் தொட்டிக்கு மும்பையிலிருந்து ஆள் வரமாட்டார்.

“இது ஆராய்ச்சி இல்லை, அப்ளிகேஷன்” என்று ஒரு பேராசிரியர் என்னிடம் சொன்னார். அவர்மேல் மரியாதை உண்டு. ஆனாலும் இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்தத் தொட்டிக்குள் ஜி.பி.எஸ். கிடையாது. சகதியில் டிராக் சறுக்கும். ஆக, சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்து எவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்ல முடியாது. கேமரா முன்னால் இருட்டு, அதன்மேல் தெறிப்பு. அப்படியானால் ரோபோ தான் எங்கே நிற்கிறது என்று எப்படி அறியும்? வாயு சென்சார் முழு அளவைக் காட்ட அரை நிமிடம் எடுக்கும். அதற்குள் வண்டி நகர்ந்திருக்கும். அப்படியானால் வரைபடத்தில் அந்த அளவை எந்தப் புள்ளியில் போடுவது? அதிக வாயுவில் ஒருமுறை மூழ்கிய சென்சார் அடுத்த முறை சொல்வதை நம்பலாமா? ஸ்லட்ஜின் கெட்டித்தன்மையை மோட்டார் இழுக்கும் கரன்ட்டை வைத்தே கணிக்க முடியுமா? இவற்றுக்கு விடை எழுதினால் முனைவர் பட்டம் கிடைக்காதா? அமெரிக்க ராணுவத்தின் டார்ப்பா அமைப்பு 2018 முதல் 2021 வரை நிலத்தடி ரோபோ போட்டி ஒன்றை நடத்தியது. சுரங்கம், குகை, நகரத்தின் அடித்தளம். இருட்டு, தூசி, சிக்னல் இல்லாமை. உலகின் பெரிய பல்கலைக்கழகங்கள் அதில் இறங்கின. அவர்கள் தேடிப்போன அதே சிக்கல்கள் நமக்கு மேல்விஷாரத்தில் மூடிக்கு அடியில் இருக்கின்றன.

என்ன செய்யலாம் என்பதற்கு என் யோசனைகளைச் சொல்கிறேன். முதலாவது, வேறு வேறு துறை மாணவர்கள் ஒரே தலைப்பில், ஒரே ரிவ்யூவில், ஒரே மார்க் ஷீட்டில் வர அனுமதியுங்கள். ஒரு மெக்கானிக்கல், ஒரு எலெக்ட்ரிக்கல், இரண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ், முடிந்தால் ஒரு கெமிக்கல். கைடும் இரண்டு துறையிலிருந்து வரட்டும். வைவாவில் இரண்டு பேரும் உட்காரட்டும். ஆராய்ச்சி மாணவர்களுக்கும் அப்படியே. தரவரிசைக்காக ஒவ்வொரு துறையும் கட்டுரைகளைத் தனித்தனியாக எண்ணவேண்டிய நெருக்கடி உங்களுக்கு இருப்பது தெரியும். இரண்டு துறை சேர்ந்து எழுதிய கட்டுரையை இரண்டு துறைக்கும் முழுதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் உள்விதி போட உங்கள் நிர்வாகத்தால் முடியும்.

அடுத்தது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது: வளாகத்தில் ஒரு சோதனைத் தொட்டி கட்டுங்கள். மூன்று மீட்டர் ஆழம் போதும். வாய் நம் ஊர்த் தொட்டிகளின் வாய் அளவே இருக்கட்டும்; இரண்டடிக்கு இரண்டடி வைத்தால் ரோபோவின் தோள் எவ்வளவு அகலம் இருக்கலாம் என்பது முதல் நாளே புரிந்துவிடும். பெண்டோனைட் களிமண், சுண்ணாம்பு, உப்பு, கழுவிய மயிர் கலந்து நிரப்புங்கள். சல்ஃபைடு வேண்டவே வேண்டாம். மாணவர்கள் அதில் ரோபோக்களை மூழ்கடித்து, சிக்கவைத்து, இழுத்தெடுத்துக் கற்றுக்கொள்ளட்டும். உண்மையான தொட்டியின் மூடியை எந்த மாணவரும் திறக்கக்கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். புராஜெக்ட் வீடியோவுக்காக எட்டிப் பார்க்கிற வயது அது. ரோபோ சோதனைத் தொட்டியில் தேறிய பிறகு, தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி முன்னிலையில், வாயு மீட்டரும் மூச்சுக்கருவியும் ஆளை மேலே இழுக்கும் முக்காலியும் வைத்துக்கொண்டு மட்டும் வெளியே போகலாம்.

தொடர்ச்சியும் வேண்டும். ஒவ்வொரு வருடமும் புதுக் குழு வந்து முதலிலிருந்து டிராக் வெட்டுகிறது. அண்ணன்மார் செய்த வரைபடம், எந்த மோட்டார் எரிந்தது, எந்த சீல் ஒழுகியது, எந்த கோடு எந்த போர்டில் ஓடியது என்று எழுதிவைத்த கோப்பு தம்பி தங்கைகளுக்குப் போவதில்லை. ஒரே ஊர்தியை மூன்று நான்கு வருடம் தொடர்ந்து வளர்க்கும் பொறுப்பை ஒரு ஆய்வகம் எடுத்துக்கொள்ளட்டும். மென்பொருளில் இது நடந்திருக்கிறதே. ஒவ்வொரு ஆய்வகமும் அடிப்படையிலிருந்து எழுதவேண்டாம் என்றுதானே ஆர்.ஓ.எஸ். என்ற பொது ரோபோ மென்பொருள் 2007-இல் தொடங்கி இன்று உலகமே பயன்படுத்துகிறது? அதே பழக்கம் இரும்பு வேலைக்கும் வரட்டும். ஆய்வகத்துக்கு ஒரு நல்ல டெக்னீஷியனையும் நிரந்தரமாகப் போடுங்கள். மாணவர் போய்விடுவார், பேராசிரியருக்கு வகுப்பு இருக்கும். ஒழுகும் சீலைக் கவனிக்க ஒரு கை அங்கேயே இருக்கவேண்டும்.

தொட்டிக்குள் இறங்கியவர்களையும் கூப்பிடுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது உங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. எந்த மூலையில் ஸ்லட்ஜ் கெட்டிப்படும், எந்த மாதத்தில் அதிகம், படிக்கட்டு எங்கே இற்றிருக்கும், பம்ப் அடைத்தால் முதலில் என்ன சத்தம் வரும் என்பதெல்லாம் அவர்கள் விரல்நுனியில் இருக்கிறது. வகுப்பறைக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஆலோசகருக்குக் கொடுக்கிற மாதிரி ஊதியம் கொடுத்துக் கேளுங்கள். ரோபோ வந்தால் அவர்கள் பிழைப்பு போகும் என்று சிலர் சொல்கிறார்கள். ரோபோவின் கட்டுப்பாட்டுப் பெட்டி யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. ஹோமோசெப் கருவிகளை, துப்புரவுப் பணியாளர் குடும்பத்துப் பெண்களின் குழுக்களிடமே 2022-இல் ஒப்படைத்தார்கள். இங்கேயும் அப்படிச் செய்யலாம். தொட்டியில் இறங்கியவரே மேலே நின்று இயக்கும்படி, தமிழில் எழுத்து, பெரிய பட்டன், கையுறை போட்டாலும் அழுத்த முடிகிற ஜாய்ஸ்டிக் என்று முதல் நாளிலிருந்தே வடிவமைக்கவேண்டும். அது கம்ப்யூட்டர் சயின்ஸ் வேலை, சின்ன வேலையும் இல்லை.

பணம் யார் தருவார் என்று கேட்பீர்கள். தோல் ஷாப் முதலாளிகளில் பலரை வேலை நிமித்தம் எனக்குத் தெரியும். ஒரு சாவு நடந்தால் ஷாப்புக்கு சீல், வழக்கு, இழப்பீடு; அதற்குமேல் அந்தக் குடும்பத்தின் முகத்தில் விழிக்க முடியாத நிலை. வேலை செய்யும் இயந்திரத்தைக் கண்ணால் காட்டினால் சேர்ந்து வாங்க முன்வருவார்கள் என்று நம்புகிறேன். ஒரு ஷாப்புக்கு ஒன்று வேண்டாம். ஒரு சிப்காட்டுக்கு ஒன்றிரண்டு, வாடகைக்குப் போய்வந்தால் போதும்.

இறுதியாண்டு மாணவர்களுக்குத் தலைப்பு முடிவாவது ஆறாம் செமஸ்டர் முடிந்து ஏழாவது தொடங்கும்போது. தலைப்பை ஏற்கும் ஜீரோத் ரிவ்யூ வந்துவிட்டால் எல்லாரும் அவரவர் துறைக்குள் போய்விடுவார்கள். அதற்கு முன்பாக, இந்த வட்டாரத்துக் கல்லூரிகளில் ஏதாவது ஒன்று முன்கையெடுத்து எல்லாத் துறைகளையும் ஒரு நாள் கூட்டுங்கள். பாகாயமோ காட்பாடியோ ராணிப்பேட்டையோ, எங்கே என்றாலும் சரி. என் பட்டறை மூலையில் கிடக்கும் ஊர்தியைத் துடைத்து எண்ணெய் போட்டு எடுத்துவருகிறேன். அதைச் செய்த மாணவர்கள் ஒப்புதல் தந்துவிட்டார்கள். அடுத்த குழுவின் லேத் வேலைக்குக் கூலி வாங்கப்போவதில்லை, மெட்டீரியல் காசு மட்டும் போதும். தொட்டி வேலை தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேரையும் மேல்விஷாரத்திலிருந்து அழைத்துவருகிறேன். அன்றைக்கு அவர்களுக்கு வேலை கெடும். அந்த ஊதியத்தைக் கல்லூரி கொடுத்துவிடவேண்டும்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர் ஒருவர்,
காட்பாடி.